பழைய வீட்டு அரங்கைப் புதுப்பிக்கும்போது: எந்த அறிகுறிக்கு என்ன செய்வது

செங்கோட்டைப் பக்கத்துப் பழைய வீடுகளில் தார்சா, பட்டாசாலை என்ற முன்பக்கக் கூடங்களைத் தாண்டி உள்ளே ஓர் அரங்கு இருக்கும். நெல்லும் பாத்திரமும் பெட்டியும் வைத்த இருட்டறை. ஜன்னல் கிடையாது, இருந்தாலும் ஒரு சாண் அகலம்தான். இன்று பிள்ளைகள் ஊருக்கு வந்தால் படுக்க ஓர் அறை வேண்டும் என்று எல்லோரும் முதலில் கைவைப்பது இந்த அரங்கில்தான். சுவரைச் சுரண்டி, சிமெண்ட் பூசி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, டைல்ஸ் போடுகிறார்கள். அடுத்த சாரல் முடிவதற்குள் சுவர் பழையபடி உரிந்து நிற்கிறது.

பொருள் மட்டம் என்றோ, கொத்தனார் ஏமாற்றிவிட்டார் என்றோ சொல்வதில் பெரும்பாலும் உண்மை இல்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரிலும், அது கொச்சியோடு சேர்ந்த பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த ஊர். அந்தக் காலத்து வீடுகளில் பெரும்பாலானவை சுண்ணாம்புக் காரையிலும் மண் சாந்திலும் எழுந்தவை. சுவர் ஒன்றரை அடி கனம், நடுவில் மண்ணும் உடைகல்லும். இந்தச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். அது விடும் வழியை அடைக்காமல் இருப்பதுதான் புதுப்பிக்கிறவருக்கு முதல் வேலை. நம் ஊருக்கோ மழை இரண்டு தடவை. ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. சென்னைக்காரர் சொல்லும் யோசனை இங்கே அப்படியே செல்லுபடியாகாது.

கீழே நோய்க்குறி வாரியாகச் சொல்கிறேன். உங்கள் அறையில் எது தெரிகிறதோ அங்கிருந்து படியுங்கள். வேலையை மட்டும் எப்போதும் மேலிருந்து தொடங்குங்கள். கூரை, வெளித் தண்ணீர், மரம், விரிசல், வயர், பூச்சு, தரை, வெள்ளை என்ற வரிசை மாறினால் காசு இரண்டு தடவை போகும்.

அடிச்சுவர் பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூக்கிறது

பத்து வீட்டில் எட்டு வீட்டுக்காரர் கேட்பது இதைத்தான் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கலாம்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் கொத்துக் கரண்டியைத் தொடாதீர்கள். நான்கு வழி உண்டு. தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயரம் வரை, சுவர் நெடுகக் கோடு போட்டதுபோல் ஒரே மட்டத்தில் கறை இருந்தால் அது நிலத்திலிருந்து ஏறும் ஈரம். மேலிருந்து திட்டாக இறங்கி, மழைக்குப் பிறகு கருத்து, வெயிலில் வெளுத்தால் கூரை ஒழுக்கு. சித்திரை வெயிலிலும் காயாமல் ஒரே இடத்தில் நசநசவென்று இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் அங்கணமோ (பாத்திரம் கழுவும் இடம்) குளியலறைக் குழாயோ இருக்கிறது, போய்ப் பாருங்கள். மழைக்காலத்தில் மட்டும் சுவர் முழுக்க மெல்ல வியர்த்தால் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது.

கடைசி இரண்டில் குழப்பம் வந்தால் ஒரு சின்னச் சோதனை. ஓரடிக்கு ஓரடி பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கு உள்பக்கம் நீர் முத்துக் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் நனைந்திருந்தால் அறைக்குக் காற்றோட்டம் போதவில்லை, சுவர்மேல் குற்றமில்லை.

நிலத்து ஈரம் என்று தெரிந்தால் முதலில் வீட்டுக்கு வெளியே போங்கள். தெருவில் ரோட்டின்மேல் ரோடு போட்டு, நம் வீட்டு வாசல்படி ஒவ்வொன்றாகப் புதைந்து போயிருக்கும். வெளி மண் மட்டம் உள்தரையைவிட உயரமாக இருக்கும்வரை உள்ளே என்ன பூசினாலும் நிற்காது. புறவாசலிலும் சந்திலும் மேடாகிப்போன மண்ணை வெட்டி எடுத்து, உள்தரையைவிட அரையடியாவது கீழே கொண்டு வாருங்கள். ரோடு நம் கையில் இல்லை. அந்தப் பக்கம் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்கு வாய்க்கால் வெட்டி, ஜல்லி நிரப்பி, தண்ணீர் சாக்கடைக்கு வடியும்படி சரிவு கொடுக்கலாம். அஸ்திவாரத்தின் அடிமட்டத்துக்குக் கீழே மட்டும் தோண்டக் கூடாது. சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் ஓரமாக ஒரு பட்டை உடைத்து எடுங்கள். மண்ணில் மூச்சுவிட முடியாத ஈரம் சுவரில் ஏறுகிறது.

அரங்கின் ஒரு சுவர் பக்கத்து வீட்டோடு பொதுச்சுவராக இருக்கும். அவர்கள் அங்கணம் நம் சுவரை நனைத்தால் சண்டையாக ஆரம்பிக்காமல், “அண்ணாச்சி, ஒங்க பக்கத்தையும் சேத்துப் பாத்துக்கிடுவோம், கொத்தனாரு நம்ம வீட்லதான நிக்காரு” என்று சொல்லிக் கூட்டிக்கொண்டு வந்து கறையைக் காட்டுங்கள். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செய்யாத பொதுச்சுவர் காய்வதில்லை.

பிறகு பழைய பூச்சு. கறை தெரிகிற மட்டத்துக்கு மேலே இன்னும் ஓரடி வரை கொத்தி எடுக்க வேண்டும். செங்கல் இடுக்கில் இற்றுப்போன சாந்தை முக்கால் அங்குல ஆழத்துக்குச் சுரண்டுங்கள். உப்பைத் தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. கழுவினால் அது கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த தென்னந்துடைப்பத்தால் தேய்த்து, கீழே சாக்கு விரித்து, விழுந்த தூளை அள்ளி வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள். அப்புறம் சுவரைத் திறந்தபடி விட்டுவிடுங்கள். ஓர் அங்குல கனம் காய ஒரு மாதம் என்று கட்டடக்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. ஒன்றரை அடிச் சுவர் முழுக்கக் காய்வதற்குக் காத்திருக்க யாராலும் முடியாது. ஆனாலும் தை பிறந்ததும் கொத்திவிட்டால் மாசி கடைசிவரையாவது காற்று படும். அந்தப் பொறுமையில்தான் பாதி வேலை இருக்கிறது.

சுவரில் துளை போட்டு மருந்து ஏற்றி ஈரத்தைத் தடுக்கலாம் என்று விற்பார்கள். ஒரே சீரான செங்கல் சுவரில் அதற்குப் பலன் இருக்கலாம். நடுவில் மண்ணும் உடைகல்லும் அடைத்த நம் சுவரில் மருந்து இடைவெளி இல்லாமல் பரவாது. அந்தப் பணத்தை வெளி வாய்க்காலுக்குச் செலவழியுங்கள்.

போன வருஷம் போட்ட சிமெண்ட் பூச்சு பலகையாகக் கழன்று வருகிறது

ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துச் சுவரைத் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் ‘டிக் டிக்’ என்று ஒட்டிய சத்தம் வரும். பிடிப்பு விட்ட இடத்தில் ‘டொக்’ என்று பானைச் சத்தம். எங்கள் தெருவில் வேலை செய்த வயதான கொத்தனார் ஒருவர் கரண்டியின் கைப்பிடியால் தட்டி, காதைச் சுவரோடு வைத்துக் கேட்பார். “தம்பி, கேட்டியளா, உள்ள காத்து நிக்கு” என்று சொல்லி, சாக்கட்டியால் வட்டம் போடுவார். கடைசியில் பார்த்தால் வட்டங்கள் எல்லாம் சிமெண்ட் ஒட்டுப்போட்ட இடங்களில்தான் இருக்கும். பக்கத்தில் பழைய காரை நகத்தால் கீறினால் லேசாகப் பொடி உதிர்ந்தாலும் சுவரை விடாமல் பிடித்திருக்கும்.

சிமெண்ட் கடினம், வளையாது, ஈரத்தை வெளியே விடாது. பின்னால் இருக்கும் மண் சாந்துச் சுவர் மென்மையானது, மழைக்கும் வெயிலுக்கும் கொஞ்சம் அசையும். சுவரில் நின்றுபோன ஈரம் உப்பைக் கரைத்துக்கொண்டு பூச்சுக்குப் பின்னால் வந்து காயும். உப்பு மணியாகக் கட்டும்போது இடம் போதாமல் பூச்சைத் தள்ளும். சிமெண்டிலும் கரையும் உப்புகள் உண்டு, அவையும் சேர்ந்துகொள்ளும். புளியரை தாண்டி, மலை கடந்து புனலூர் பக்கம் போனால் வெட்டுக்கல் (செம்புரைக்கல்) சுவர். அங்கும் இதே கதைதான், இதே மருந்துதான்.

மருந்து சுண்ணாம்பு. முழுச் சுவரையும் உடைக்க வேண்டாம். ‘டொக்’ என்ற இடங்களை மட்டும் எடுத்து, சுண்ணாம்புக் காரையால் ஒட்டுங்கள். ஒரு பங்கு நீத்த (தண்ணீரில் கொதிக்கவிட்டு ஊறவைத்த) சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல். அடிச்சுவருக்கு ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு செங்கல் பொடி, இரண்டு பங்கு மணல். செங்கல் பொடி நன்றாகச் சுட்ட செங்கலில் இடித்ததாக இருக்கட்டும்.

கல்சுண்ணாம்பு வாங்கி நீங்களே நீத்தினால் இரண்டு வாரமாவது தண்ணீருக்கடியில் ஊற வேண்டும். நீத்தும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் நிற்காதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள். சுண்ணாம்பின்மேல் தண்ணீரை ஊற்றாமல், தொட்டித் தண்ணீரில் சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். மூட்டைச் சுண்ணாம்பு வாங்கினால் ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் காற்றுப் பட்டுச் செத்துப்போன சுண்ணாம்பு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மணலுக்கும் சோதனை உண்டு. கண்ணாடிக் குவளையில் பாதி மணல், அதன்மேல் உப்புத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசைக்காமல் வைத்தால் மேலே வண்டல் தனியாகப் படியும். மணல் உயரத்தில் 8 சதவீதத்துக்கு மேல் வண்டல் இருந்தால் அந்த மணல் பூச்சுக்கு வேண்டாம்.

பூசுவதற்கு முன்னால் சுவரை நன்றாக நனைக்க வேண்டும். ஒரு கைக்கு (ஒரு தடவைப் பூச்சுக்கு) அரை அங்குலத்துக்குள், கரண்டியால் எறிந்து ஒட்டிப் பூசுவது. கட்டைவிரல் அழுந்தாமல் நகம் மட்டும் பதியும் பக்குவம் வந்த பிறகு அடுத்த கை. முடிந்ததும் மணியாசுக் கட்டையால் (பூச்சை மட்டப்படுத்தும் மரக்கட்டை) தேய்த்துவிட்டு, மயிர்க்கோடு விரிசல் தெரிந்தால் மறுநாள் லேசாகத் தெளித்து மறுபடி அழுத்துங்கள். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கித்தான் இறுகும், அதற்கும் ஈரம் வேண்டும். அதனால் ஒரு வாரமாவது நனைத்த சாக்கைச் சுவரில் படாமல் முன்னால் தொங்கவிடுங்கள். ஆனி, ஆடிக் கணவாய்க் காற்றில் இந்த வேலையை எடுக்கவே கூடாது. காற்று ஒரே நாளில் ஈரத்தை உறிஞ்சி, பூச்சு மாவாக நிற்கும். மாசி, பங்குனி தோது. சித்திரை உச்சி வெயிலில் கதவைச் சாத்திக்கொண்டு செய்ய வேண்டியிருக்கும்.

கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீரைச் சேர்க்கும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். தெரிந்தவர் கையில் அது நல்லது. அளவு தெரியாமல் கருப்பட்டி கூடிவிட்டால் பூச்சு இறுகாமல் இழுக்கும். எறும்பும் பூசணமும் வரும். கைப்பக்குவம் உள்ள ஆள் கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரே போதும்.

அடிச்சுவர்ப் பூச்சு சில வருஷத்தில் மறுபடி உதிர்ந்தால் மனம் விடாதீர்கள். சுவரில் மிச்சமிருக்கும் உப்பை இழுத்துக்கொண்டு அது விழுகிறது, செங்கல் தப்பித்தது. அந்த மூன்றடியை மட்டும் மறுபடி பூசினால் போதும். சிமெண்ட் போட்டிருந்தால் செங்கலே அரித்துப் போயிருக்கும்.

மச்சு ஒழுகுகிறது, உத்திரத்தில் கறை இறங்குகிறது

மேலே தேக்கு உத்திரக்கட்டை, அதன்மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து, தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதித்த மொட்டை மாடி என்றால் ஒன்றை மனத்தில் வையுங்கள். கறை தெரிகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. தண்ணீர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நான்கடி தள்ளி வந்தும் சொட்டும்.

மாடியில் தண்ணீர் கட்டிச் சோதிக்காதீர்கள். இரண்டு அங்குலம் தேங்கினால் ஒரு சதுர மீட்டருக்கு 50 கிலோ. பழைய கட்டை தாங்குமா என்று நமக்குத் தெரியாது. குழாய் வைத்து, தாழ்ந்த பக்கத்திலிருந்து ஒவ்வொரு பட்டையாக நனைத்து, கீழே ஒருவரை நிற்க வையுங்கள். பெரும்பாலும் குற்றம் மூன்று இடத்தில் இருக்கும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலை, மழைத்தண்ணீர் இறங்கும் குழாய் வாய், அரசஞ்செடி முளைத்த இடுக்கு. செடியைப் பிடுங்கினால் செங்கலும் சேர்ந்து வரும். வெட்டி, வேர் போன வழியில் செங்கலைக் கையால் எடுத்து, வேரை முழுக்க வாங்கிவிட்டு மறுபடி கட்டுங்கள். மூலையைச் சதுரமாக விடாமல் காரையால் உருட்டி விடுங்கள். உடைந்த தட்டோட்டை மாற்றி, இடுக்கில் சுண்ணாம்பும் செங்கல் பொடியும் ஏற்றுங்கள்.

“மேல ஒரு ரெண்டு இன்ச் காங்கிரீட் போட்டிரலாம்” என்று யாராவது சொன்னால் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். இரண்டு இன்ச் காங்கிரீட் சதுர மீட்டருக்குச் சுமார் 120 கிலோ. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைமேல் 1,300 கிலோவுக்கு மேல் ஏறும். கீழே இருக்கும் ஈரமும் மேலே போக வழியில்லாமல் மரத்தில் இறங்கும்.

மரத்திலிருந்து தூள் விழுகிறது

தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். மைதா மாதிரி நைசாக இருந்து, மரத்தில் ஊசித் துளைகள் தெரிந்தால் உளு (மரம் துளைக்கும் சிறு வண்டு). கசகசா மாதிரி சிறு மணியாக இருந்தால் மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கரையான். சுவரிலோ நிலையிலோ மண் கோடு ஏறியிருந்தால் நிலத்திலிருந்து வரும் கரையான். முதலாவதற்குப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலைக் காய்ந்த மரத்தில் இரண்டு மூன்று தடவை ஊற விடலாம். மண் கரையானுக்கு இந்தியத் தர நிர்ணயம் 6313-ன் மூன்றாம் பகுதியில் முறை இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஓரடிக்கு ஒன்றாகத் துளையிட்டு மருந்து செலுத்துவது. உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். கிணறு பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மண் கோட்டைத் துடைத்துவிட்டுப் பெயிண்ட் அடிப்பதில் ஒரு பயனும் இல்லை.

இதைவிட முக்கியம் உத்திரத்தின் நுனி. சுவருக்குள் புதைந்த ஒரு முழம்தான் முதலில் இற்றுப்போகும், வெளியே தெரியாது. ஸ்க்ரூடிரைவரைச் சுவரை ஒட்டிய இடத்தில் அழுத்துங்கள். அரை அங்குலம் சுலபமாக இறங்கினால் வேலையை நிறுத்தி, இரண்டு பக்கமும் முட்டுக் கொடுத்துவிட்டு ஆசாரியைக் கூப்பிடுங்கள். முழுக் கட்டையையும் மாற்ற வேண்டும் என்பதில்லை. இற்ற நுனியை அறுத்து, பழைய மரக்கடையில் கிடைக்கும் தேக்கில் ஒட்டுப் போட்டு போல்ட் முடுக்கலாம். நுனியைச் சுவரில் வைக்கும்போது கீழே கல் வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் காற்றுக்கு இடம் விடச் சொல்லுங்கள். சாந்தை அப்பி மூடினால் அடுத்த கட்டையும் அதே வழியில் போகும்.

பழைய நிலைக்கதவு, ஜன்னல் பெயிண்டை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்கு 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு 2017 நவம்பரிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தையதில் ஈயம் இருக்கலாம். நனைத்துச் சுரண்டி, சுரண்டலைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள். அறையில் குழந்தைகள் இருக்க வேண்டாம்.

விரிசல்

சிலந்தி வலை மாதிரி மேற்பூச்சில் மட்டும் இருப்பதை விட்டுவிடுங்கள். வாசல் மூலையிலிருந்து சரிவாக ஏறுவதும், இரண்டு பக்கமும் தெரிவதும், 5 மி.மீ.க்கு மேல் விரிந்ததும் வேறு. அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைப் பிளாஸ்டர் ஆப் பாரிஸால் ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். ஒரு மழையும் ஒரு வெயிலும் போகட்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. பூசி மறைக்காமல், பழைய கட்டடம் தெரிந்த பொறியாளரிடம் காட்டுங்கள். உடையாவிட்டால் சுண்ணாம்புக் காரையை ஏற்றி அடைக்கலாம். அரங்குக்கு வெளிச்சம் வேண்டும் என்று புது ஜன்னல் உடைக்க நினைப்பவர்கள் இந்தச் சோதனையை முடித்த பிறகே சுவரைத் தொட வேண்டும்.

மழை வந்தால் டிரிப் ஆகிறது, சுவரைத் தொட்டால் சுருக்கென்கிறது

சுருக்கென்றால் மெயினை அணைத்துவிட்டு அன்றே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய மரச்சட்ட வயரிங்கில் எர்த் கிடையாது, வயரின் ரப்பர் உறை பொடிந்திருக்கும், ஈரச் சுவர் மின்சாரத்தைக் கடத்தும். மின்கசிவைக் கண்டதும் டிரிப் ஆகி மின்சாரத்தைத் துண்டிக்கிற 30 மில்லி ஆம்பியர் கருவியைக் குறைசொல்லி மாற்றிவிடாதீர்கள், அது உயிரைக் காக்கிறது. எர்த் குழி புதிதாகப் போட்டு, விளக்குக்கு 1.5 சதுர மி.மீ., பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 என்று வயர் முழுக்க மாற்றுங்கள். மண் சாந்துச் சுவரில் வயர் புதைக்கப் படுக்கைவாட்டில் காடி (நீளப் பள்ளம்) வெட்ட வேண்டாம். வெளியே தெரிகிற குழாயில் கொண்டுபோவது சுவருக்கும் நல்லது, பின்னால் பழுது பார்க்கவும் லேசு.

டைல்ஸ் போட்ட பிறகு சுவர் இன்னும் மோசமானது

தரைக்கு அடியில் இருந்த ஈரம் காவித் தரை வழியாகவும் சுண்ணாம்புத் தளம் வழியாகவும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருந்தது. வழவழப்பு டைல்ஸ் அதை மூடியதும் ஓரமாகப் போய்ச் சுவரில் ஏறுகிறது. முடிந்தால் பழைய காவித் தரையை வைத்துக்கொண்டு உடைந்த இடத்தை மட்டும் ஒட்டுங்கள். டைல்ஸ் ஏற்கனவே போட்டாயிற்று என்றால் சுவரை ஒட்டிய வரிசையை எடுத்துவிட்டு, அந்தப் பட்டையில் சுட்ட மண் ஓடு பதித்துச் சுண்ணாம்பால் இடுக்கை நிரப்புங்கள். அழகும் கெடாது.

வெள்ளை நிற்கவில்லை, அறை நாறுகிறது

பட்டியும் பிளாஸ்டிக் பெயிண்டும் அடித்திருந்தால் சுரண்டுவதுதான் வழி. புதுச் சுண்ணாம்புப் பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, பால் பதத்தைவிட நீர்த்த சுண்ணாம்பை ஐந்து கை அடியுங்கள். கைக்குக் கை ஒரு நாள் இடைவெளி. முதல் கை அடிக்கும்போது ஒன்றுமே தெரியாது, பயப்படாதீர்கள். காயக் காய வெளுக்கும்.

பூசண நாற்றத்துக்குக் காற்றுதான் தேவை. அரங்குச் சுவரின் மேல்பகுதியில், எதிரெதிராக இரண்டு வெண்டிலேட்டர் வையுங்கள். ஒன்று முற்றத்துப் பக்கம், மற்றொன்று புறவாசல் பக்கம். ஒரு செங்கல் அகலத் துளை போதும், கொசுவலை அடித்துவிடுங்கள். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப் போடுங்கள். சாரல் நேரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்கள், வாரம் ஒரு தடவை வந்து அரங்குக் கதவைத் திறந்து வைக்கப் பக்கத்து வீட்டில் ஒரு சாவி கொடுத்துவிட்டுப் போங்கள்.